பந்து, பெட்டி, பத்தி

அமெரிக்க நாளிதழ்களின் கருத்துப் பக்கங்களில் எழுதும் பத்தி எழுத்தாளர்களுள் ஒரு சாராருக்கு விசித்திரமான பயணப் பாதை ஒன்று உண்டு. வரிவிதிப்பில் தொடங்கினாலும் உச்ச நீதிமன்ற நியமனத்தில் தொடங்கினாலும், மூன்றாவது பாராவுக்குள் அவர்கள் ஒரு பேஸ்பால் மைதானத்துக்கு வந்து சேர்ந்துவிடுவார்கள். அங்கே ஐம்பது ஆண்டுகளுக்கு முன் யாரோ அடித்த அடியை வியந்து, அதே ஆண்டில் ஒளிபரப்பான ஒரு தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசையை முணுமுணுத்து, இடம் மீதமிருந்தால் மட்டுமே அரசியலுக்குத் திரும்புவார்கள். எழுதுபவரின் கவனம் சிதறிவிட்டதாக எண்ணி அயல்நாட்டு வாசகர் இரக்கப்படுவதுண்டு. அந்த இரக்கம் வீண். வாதம் முழுவதும் மைதானத்திலேயே நடந்து முடிந்திருக்கும், கடைசி இரண்டு பாராக்கள் மங்களம் பாடுவதற்காக வைக்கப்பட்டவை.

இவ்வகை எழுத்துக்கு மூலதனம் ஆண்டுநிறைவு. தமிழ்க் குடும்பங்களில் அறுபதாம் கல்யாணம் உரியவர்களின் விருப்பத்தைக் கேளாமலே பிள்ளைகளால் நிச்சயிக்கப்படுவது போல, அமெரிக்காவில் ஒரு ஹோம் ரன்னுக்கோ ஒரு நகைச்சுவைத் தொடருக்கோ ஐம்பதோ அறுபதோ எழுபத்தைந்தோ நிரம்பிவிட்டால், யார் கேட்டாலும் கேளாவிட்டாலும் பத்திரிகைகள் விழா எடுத்துவிடும். (ஹோம் ரன் என்பது மட்டையாளர் பந்தை எல்லைச் சுவருக்கு அப்பால் அனுப்பிவிட்டு, களத்தின் நான்கு முனைகளையும் ஊர்வலம் போல நிதானமாகச் சுற்றி வந்து ஓட்டம் சேர்ப்பது.) அரசியல் கருத்து சொல்ல வருபவருக்கு இதில் உள்ள வசதி பெரிது. அந்தக் காலத்தில் நாடு ஒழுங்காக இருந்தது என்று வெளிப்படையாக எழுதினால், அந்தக் காலத்தில் கறுப்பின மக்கள் பேருந்தில் எந்த இருக்கையில் உட்கார வைக்கப்பட்டார்கள் என்று எவராவது எதிர்க்கேள்வி போடுவார். அந்தக் காலத்தில் அந்தப் பந்து எப்படிப் பறந்தது என்று எழுதினால் எவரும் எதுவும் கேட்பதில்லை, எல்லாரும் பந்தைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

இத்துறையை ஊன்றிக் கவனிப்பவர்களுக்கு எளிய கணக்கு ஒன்று புலப்படும். எழுதுபவர் பிறந்த ஆண்டுடன் பத்தைக் கூட்டினால் நாடு செம்மையாக இருந்த ஆண்டு கிடைக்கும். முப்பதைக் கூட்டினால் சீரழிவு தொடங்கிய ஆண்டு கிடைக்கும். இரு கட்சியினருக்கும் இக்கணக்கு பொதுவானது என்பதால் இதைப் பக்கச்சார்பு என்று குறைகூற இயலாது. பத்து வயதில் வீட்டு வாடகை கட்ட வேண்டியதில்லை, மூட்டு வலிப்பதில்லை, அதிபர் யாராக இருந்தாலும் இரவு எட்டு மணிக்கு விருப்பமான தொடர் வந்துவிடுகிறது. இவற்றுக்கெல்லாம் காரணம் அக்காலத்து ஆட்சிமுறையே என்று பின்னாளில் முடிவு கட்டுவது மனித இயல்பு.

இவ்வகையின் தலைமகனாகக் கருதத்தக்கவர் ஜார்ஜ் வில். 1941இல் இல்லினாய் மாநிலத்தில் பிறந்து, 1970களிலிருந்து வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் பழைமைவாதப் பத்தி எழுதி, 1977இல் புலிட்சர் பரிசு பெற்றவர். பேஸ்பால் பற்றி அவர் 1990இல் எழுதிய நூல் அவரது அரசியல் நூல்களைக் காட்டிலும் அதிகமாக விற்றது. சிகாகோ கப்ஸ், செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் ஆகிய இரு அணிகளின் எல்லைப்புறத்தில் வளர்ந்த தம் நண்பர்கள் வெற்றி பெறும் கார்டினல்ஸை ஆதரித்து உற்சாகமான தாராளவாதிகள் ஆனார்கள் என்றும், தாம் மட்டும் தோற்றுக்கொண்டே இருக்கும் கப்ஸைத் தேர்ந்து, உலகம் உருப்படாது என்னும் தெளிவைப் பெற்றுப் பழைமைவாதி ஆனதாகவும் அவர் சொல்வதுண்டு. அவருடைய கூற்று வேடிக்கைக்காகச் சொல்லப்பட்டதே. ஆயினும் அரசியல் அறிவியல் துறைகள் கட்சிச் சார்புக்குக் கண்டுபிடித்திருக்கும் பல காரணங்களைவிட இது மோசமில்லை. கப்ஸ் அணி 1908இல் பட்டம் வென்ற பிறகு அடுத்த பட்டத்துக்கு 2016 வரை, அதாவது 108 ஆண்டுகள் காத்திருந்தது. அந்த அணியின் மைதானமாகிய ரிக்லி ஃபீல்டுக்கு 2014இல் நூறு நிரம்பியபோது அதற்கும் வில் ஒரு நூல் எழுதினார்; தோல்விகளின் நூற்றாண்டு விழாவுக்குத் தனி நூல் கண்ட மைதானங்கள் உலகில் மிகச் சில.

வசதியான நாள் என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், இவ்வகை எழுத்தாளர் தயங்காமல் 1960 அக்டோபர் 13ஐத் தேர்ந்தெடுப்பார். அன்று பிற்பகல் பிட்ஸ்பர்க் நகரின் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்தில் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம் நடந்தது. உலகத் தொடர் என்பது அமெரிக்காவின் இரு பெரும் லீகுகளில் முதலிடம் பெற்ற அணிகள் ஆண்டுதோறும் மோதிக்கொள்ளும் இறுதிப் போட்டி. அக்காலத்தில் உலகத்தின் பிற பகுதிகளுக்கு அதில் அழைப்பு இல்லை. நான்கு ஆட்டங்களை முதலில் வெல்லும் அணிக்குப் பட்டம். அன்று பிட்ஸ்பர்க் பைரேட்ஸ், நியூயார்க் யாங்கீஸ் ஆகிய இரு அணிகளும் தலா மூன்று ஆட்டங்களை வென்றிருந்தன. கடைசிச் சுற்றில் ஓட்டங்கள் 9–9 என்று சமநிலையில் நின்றபோது, தடுப்பாட்டத்துக்காகவே பெயர் பெற்ற பில் மஸெராஸ்கி என்னும் பைரேட்ஸ் வீரர், சரியாக 3:36 மணிக்கு, இடப்பக்கச் சுவருக்கு மேலே பந்தை அனுப்பி வைத்தார்.

அதே நாள் இரவு ஜான் கென்னடியும் ரிச்சர்ட் நிக்சனும், முன்னவர் நியூயார்க்கிலும் பின்னவர் லாஸ் ஏஞ்சலிஸிலும் வெவ்வேறு அரங்குகளில் இருந்தபடி, தங்கள் மூன்றாவது தொலைக்காட்சி விவாதத்தில் ஈடுபட்டார்கள். சீனக் கரையோரத்தில் உள்ள குவெமோய், மாட்சு என்னும் இரு சிறு தீவுகளைக் காப்பதா விடுவதா என்பது அன்றைய தலையாய பொருள். அத்தீவுகளுக்காக அமெரிக்காவில் இன்று எவரும் ஆண்டுநிறைவு எடுப்பதில்லை. இடையில் முன்னாள் அதிபர் ட்ரூமன் எதிர்க்கட்சியினரைப் பற்றித் தேர்தல் மேடையில் உதிர்த்த கடுஞ்சொல் குறித்துக் கேள்வி எழுந்தபோது, அதிபரைக் குழந்தைகள் அண்ணாந்து பார்க்கிறார்கள், ஆகவே அப்பதவியில் இருப்பவர் நாவடக்கத்தோடு இருக்க வேண்டும் என்று நிக்சன் உருக்கமாக எடுத்துரைத்தார். 1974இல் அவருடைய வெள்ளை மாளிகை உரையாடல்கள் அச்சில் வெளிவந்தபோது, ‘வசைச்சொல் நீக்கப்பட்டது’ என்னும் அடைப்புக்குறிக் குறிப்பு அவற்றில் இடம்பெற்ற விகிதத்தைக் கண்டு நாடே மலைத்தது என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தம்.

அந்தத் தொடரில் அரசியல் மாணவர்களுக்கு மேலும் ஒரு விருந்து இருக்கிறது. ஏழு ஆட்டங்களிலும் சேர்த்து யாங்கீஸ் எடுத்த ஓட்டங்கள் 55. பைரேட்ஸ் எடுத்தவை 27. யாங்கீஸ் தாங்கள் வென்ற மூன்று ஆட்டங்களை 16–3, 10–0, 12–0 என்று வாரிச் சுருட்டி வென்றார்கள். பைரேட்ஸ் தங்கள் நான்கையும் ஒட்டியும் ஒட்டாமலும் வென்று பட்டத்தைக் கொண்டுபோனார்கள். அமெரிக்க அதிபர் தேர்தலில் மக்கள் வாக்குகளின் கூட்டுத்தொகைக்கு மதிப்பில்லை, மாநிலம் மாநிலமாகக் கிடைக்கும் தேர்வாளர்களின் எண்ணிக்கையே முடிவைத் தீர்மானிக்கிறது என்பதை விளங்கவைக்க அந்நாட்டுக் குடிமைப் பாடநூல்கள் படும் பாடு கொஞ்சநஞ்சமில்லை. 1960ஆம் ஆண்டுத் தொடரின் ஓட்டப் பட்டியலை அச்சிட்டுக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். 2000இல் ஆல் கோரும் 2016இல் ஹிலாரி கிளின்டனும் எதிராளியைவிட அதிக வாக்குகள் வாங்கித் தோற்றபோது யாங்கீஸ் ரசிகர்களிடம் ஆறுதல் தேடியிருக்கலாம். யாங்கீஸின் பாபி ரிச்சர்ட்சனுக்குத் தொடரின் சிறந்த வீரர் விருது வழங்கப்பட்டது. தோற்ற அணியின் வீரர் ஒருவருக்கு அவ்விருது கிடைத்தது அந்த ஒருமுறைதான்.

அந்த ஆட்டத்தின் ஒளிப்பதிவு வெகுகாலம் கிடைக்கவில்லை. அக்காலத்துத் தொலைக்காட்சி நிறுவனங்கள் பதிவுகளைப் பாதுகாக்கும் வழக்கம் அறியாதவை. நாளைக்குப் பொற்காலம் ஆகப்போகும் நாளில்தான் வாழ்ந்துகொண்டிருக்கிறோம் என்று அவற்றிடம் எவரும் சொல்லவில்லை. பைரேட்ஸ் அணியின் பங்குதாரர்களுள் ஒருவரான பாடகர் பிங் கிராஸ்பி, தாம் பார்த்தால் அணி தோற்றுவிடும் என்று அஞ்சிப் பாரிஸுக்கே போய்விட்டவர். போகுமுன் தொலைக்காட்சித் திரையைப் படச்சுருளில் பதிவு செய்து வைக்க ஒரு நிறுவனத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார். 1977இல் அவர் இறந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலான பின், 2009 டிசம்பரில், அவரது வீட்டின் மது நிலவறையில் அந்த ஐந்து சுருள்கள் அகப்பட்டன. மறு ஆண்டு, ஐம்பது நிறைந்த அதே ஆண்டில், அவை ஒளிபரப்பாயின. சகுனத்துக்கு அஞ்சிய ஒருவர் செய்த காரியத்தை அறிவியல் மனப்பான்மை கொண்ட நிறுவனங்கள் எவையும் செய்யவில்லை என்பது கசப்பான உண்மை.

பிட்ஸ்பர்க் நகரத்தார் ஒளிப்பதிவுக்காகக் காத்திருக்கவும் இல்லை. மைதானம் இடிக்கப்பட்டுப் பல்கலைக்கழகக் கட்டடங்கள் எழுந்த பிறகும் வெளிச்சுவரின் ஒரு துண்டு மிஞ்சியிருக்கிறது. 1985இல் ரசிகர் ஒருவர் தனியாளாக அங்கே போய் அமர்ந்து, அந்த ஆட்டத்தின் வானொலி வர்ணனையை ஒலிநாடாவில் முதலிலிருந்து கேட்டார். அடுத்தடுத்த ஆண்டுகளில் கூட்டம் சேர்ந்து, இப்போது ஒவ்வோர் அக்டோபர் 13ஆம் நாளும் மடக்கு நாற்காலிகளோடு பலர் அங்கே கூடுகிறார்கள். மஸெராஸ்கியின் அடி கடிகாரத்தில் 3:36 ஆகும்போதே காதில் விழ வேண்டும் என்பதற்காக, பிற்பகல் ஒரு மணியளவில் பதிவைக் கணக்குப் பார்த்துத் தொடங்குகிறார்கள். முடிவு தெரிந்த ஆட்டத்தின் கடைசிச் சுற்றில் அவர்களுள் சிலர் பதற்றத்தால் நகம் கடிக்கிறார்கள். ஆண்டுதோறும் பைரேட்ஸ்தான் வெல்கிறார்கள். அன்றிரவு நடந்த விவாதத்தின் பதிவை அங்கே எவரும் போடுவதில்லை.

1951ஆம் ஆண்டின் இலையுதிர் காலமும் இவ்வகையினருக்கு விளைநிலமே. செப்டம்பர் 4ஆம் நாள் அமெரிக்காவின் மேற்குக் கரைக்கும் கிழக்குக் கரைக்கும் இடையிலான முதல் நேரடித் தொலைக்காட்சி ஒளிபரப்பு நிகழ்ந்தது. அதில் வந்தது சான் பிரான்சிஸ்கோவில் கூடிய ஜப்பானிய அமைதி உடன்படிக்கை மாநாட்டில் அதிபர் ட்ரூமன் ஆற்றிய தொடக்கவுரை. அக்டோபர் 3ஆம் நாள் நியூயார்க்கின் போலோ கிரவுண்ட்ஸ் மைதானத்தில் ஜயன்ட்ஸ் அணியின் பாபி தாம்சன், புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியைக் கடைசி நொடியில் வீழ்த்திய ஹோம் ரன்னை அடித்தார். அக்டோபர் 15ஆம் நாள் லூசில் பாலின் ‘ஐ லவ் லூசி’ தொடர் தொடங்கியது. அரசியலும் பந்தும் பெட்டியும் ஆறு வார இடைவெளிக்குள் இவ்வளவு ஒழுங்காக வரிசையில் நின்றதைக் கண்டால், பத்தி எழுத்தாளர்களின் சங்கம் ஏதோ முன்கூட்டியே சொல்லி வைத்தது போலத் தோன்றும்.

தாம்சனின் அடிக்கு ‘உலகெங்கும் கேட்ட வேட்டு’ என்று பெயரிட்டார்கள். அதே நாளில் சோவியத் ஒன்றியம் மற்றோர் அணுகுண்டை வெடித்துப் பார்த்திருப்பதாக வெள்ளை மாளிகை அறிவித்தது. மறுநாள் நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் இரு செய்திகளும் அருகருகே சம அளவிலான தலைப்புகளில் வெளிவந்தன. எழுபத்தைந்து ஆண்டுகளாக எந்த வேட்டுக்கு விழா எடுக்கப்படுகிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. போலோ கிரவுண்ட்ஸில் அன்று இருந்தவர்கள் 34,320 பேர். இருக்கைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலியாகக் கிடந்தன. தாங்களும் அன்று அங்கே இருந்ததாகப் பின்னாளில் பேரப்பிள்ளைகளிடம் சொன்னவர்களை உட்கார வைக்க அதுபோல் பல மைதானங்கள் வேண்டும். பொன்விழா ஆண்டாகிய 2001இல் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு கட்டுரையை வெளியிட்டுக் கொண்டாட்டத்தில் மண்ணைப் போட்டது: களத்தின் மறுகோடியில் இருந்த ஜயன்ட்ஸ் உடைமாற்று அறையின் சன்னலில் ஒரு தொலைநோக்கியை வைத்து, எதிரணியின் பந்துபிடிப்பவர் தம் பந்தெறிபவருக்கு விரலால் காட்டும் இரகசிய சைகைகளைப் படித்து, மின்மணி ஒன்றின் வழியாகத் தம் அணியினருக்குத் தெரிவித்து வந்தார்கள். அந்தக் குறிப்பிட்ட பந்துக்குத் தாம் சைகையைப் பெறவில்லை என்று தாம்சன் மறுத்தார். அரசியல் வரலாற்றில் பழக்கப்பட்டவர்கள் இதில் வியக்க எதுவும் காணமாட்டார்கள். ஒட்டுக்கேட்பும் மறுப்பும் அங்கே வழக்கமான ஆட்டவிதிகள்.

லூசிக்கு ஆண்டுநிறைவு கிடைத்ததற்கு மட்டும் உறுதியான தொழில்நுட்பக் காரணம் உண்டு. பிற நிகழ்ச்சிகள் நேரலையில் காற்றோடு போய்க்கொண்டிருந்த காலத்தில், லூசியின் கணவர் டெசி ஆர்னாஸ் தொடரை மூன்று கேமராக்களால் திரைப்படச் சுருளில் எடுக்கச் செய்து, அந்தச் சுருள்களின் உரிமையையும் தம்மிடமே வைத்துக்கொண்டார். மறு ஒளிபரப்பு என்னும் வணிகம் அதிலிருந்து செழித்தது. மறு ஒளிபரப்பு இல்லையேல் ஏக்கமும் இல்லை. 1953 ஜனவரி 19ஆம் நாள் தொடரில் லூசிக்குக் குழந்தை பிறந்ததைப் பார்த்தவர்கள் ஏறத்தாழ 4 கோடியே 40 லட்சம் பேர். மறுநாள் ஐசன்ஹோவர் அதிபராகப் பதவியேற்றதைப் பார்த்தவர்கள் 2 கோடியே 90 லட்சம் பேர். போரில் ஐரோப்பாவை மீட்ட தளபதி, மகப்பேற்று விடுதிக்குக் கிளம்பும் குழப்பத்திடம் ஒன்றரைக் கோடி வித்தியாசத்தில் தோற்றார்.

பெட்டி சார்ந்த ஏக்கத்தில் ஒரு சிக்கல் உண்டு. பந்து பற்றிய ஏக்கம் குறைந்தது நடந்த ஒன்றைப் பற்றியது. பெட்டி பற்றிய ஏக்கமோ அடுக்கடுக்கானது. 1974இல் தொடங்கிய ‘ஹாப்பி டேஸ்’ 1950களுக்காக ஏங்கியது. 1972இல் தொடங்கிய ‘தி வால்டன்ஸ்’ 1930களுக்காக ஏங்கியது. அந்த 1930கள் பொருளாதாரப் பெருமந்தத்தின் ஆண்டுகள், வேலையும் சோறும் இல்லாதவர்கள் வரிசையில் நின்ற காலம் என்பதை வால்டன் குடும்பத்தின் அன்பான இரவு வணக்கங்கள் மறக்கடித்தன. 1992 ஜனவரியில் அதிபர் ஜார்ஜ் புஷ் (மூத்தவர்), அமெரிக்கக் குடும்பங்கள் கார்ட்டூன் தொடராகிய சிம்ப்சன்ஸ் குடும்பத்தைப் போலன்றி வால்டன்ஸ் குடும்பத்தைப் போல மாற வேண்டும் என்று அறிவுரை கூறினார். சில நாட்களிலேயே சிம்ப்சன்ஸ் தொடரில் பார்ட் என்னும் பத்து வயதுச் சிறுவன் பதில் சொன்னான்: தாங்களும் பொருளாதார மந்தம் எப்போது தீரும் என்று வால்டன்ஸ் போலவே வேண்டிக்கொண்டிருப்பதாக. அந்த ஆண்டில் வேலையின்மை உயர்ந்துகொண்டிருந்தது. நவம்பரில் புஷ் தோற்றார். இடையே மே மாதத்தில் துணை அதிபர் டான் குவேல், ‘மர்ஃபி பிரவுன்’ தொடரின் நாயகி கணவன் இல்லாமல் குழந்தை பெற்றதைக் கண்டித்து உரையாற்றினார். கற்பனைப் பாத்திரம் ஒன்றுக்கு ஒழுக்கம் போதித்த துணை அதிபர் என்று வரலாறு அவரைக் குறித்துக்கொண்டது. அந்தப் பாத்திரம் இலையுதிர் காலத்தில் தன் தொடரில் அவருக்கு மறுமொழியும் அளித்தது. சிம்ப்சன்ஸ் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது, பார்ட்டுக்கு இன்னும் பத்து வயதுதான். புஷ் எச்சரித்த அந்தத் தொடருக்காக இப்போது நடுவயதினர் ஏங்குகிறார்கள்.

மாதத்தையும் ஆண்டையும் விட்டு ஒரே வாரத்தைச் சுட்டச் சொன்னால் 1972 ஜூன் 17இல் தொடங்கும் வாரத்தைச் சுட்டலாம். 17ஆம் நாள் வாஷிங்டனின் வாட்டர்கேட் கட்டடத்தில், ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் புகுந்த ஐவர் பிடிபட்டார்கள். 19ஆம் நாள் உச்ச நீதிமன்றம் கர்ட் ஃபிளட் என்னும் பேஸ்பால் வீரரின் வழக்கில் தீர்ப்பளித்தது. ஒருமுறை ஓர் அணியுடன் கையொப்பமிட்ட வீரர், அந்த அணி விற்கும்வரை அதற்கே உரியவர் என்னும் ஒப்பந்த விதி அக்காலத்தில் இருந்தது. தம்மைக் கேளாமல் செயின்ட் லூயிஸிலிருந்து ஃபிலடெல்ஃபியாவுக்கு மாற்றியதை எதிர்த்து ஃபிளட் வழக்குத் தொடுத்திருந்தார். பேஸ்பால் மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் ஆகாது, ஆகவே ஏகபோகத் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று 1922இல் ஒரு தீர்ப்பு வந்திருந்தது. அணிகள் மாநிலம் மாநிலமாக இரயிலேறிப் போய்த்தான் ஆடிக்கொண்டிருந்தன என்பது அதன் கண்ணில் படவில்லை. அது முறைப்பிறழ்வுதான் என்று 1972இல் ஒப்புக்கொண்ட நீதிமன்றம், வேண்டுமானால் நாடாளுமன்றம் திருத்திக்கொள்ளட்டும் என்று கூறி 5–3 என்னும் கணக்கில் ஃபிளட்டைத் தோற்கடித்தது.

தீர்ப்பை எழுதிய நீதிபதி ஹாரி பிளாக்மன் அதன் முதற்பகுதியை முழுக்க முழுக்கப் பேஸ்பாலின் புகழ்பாடுவதற்கு ஒதுக்கி, தம் நெஞ்சில் நின்ற பழைய வீரர்கள் எண்பதுக்கும் மேற்பட்டோரின் பெயர்களை நாமாவளியாக அடுக்கினார். உடன்பட்ட நீதிபதிகளுள் இருவர், தீர்ப்பின் பிற பகுதிகளுக்கு இசைவதாகவும் முதற்பகுதியில் சேரவில்லை என்றும் எழுத்துப்பூர்வமாகப் பதிவு செய்தார்கள். வேலை மாற்றிக்கொள்ளும் உரிமை கேட்டு வந்தவருக்கு நினைவஞ்சலி வாசித்து அனுப்பிய அத்தீர்ப்பு, ஏக்கம் சட்டமாகவே மாறிய அரிய நிகழ்வு. மெல் ஆட் என்னும் வீரரின் பெயர் பட்டியலில் விடுபட்டுப்போனதற்காகப் பிளாக்மன் பின்னாளில் வருந்தினார்.

அதே வாரத்தில், 22ஆம் நாள் செய்தியாளர் சந்திப்பில், வாட்டர்கேட்டில் வெள்ளை மாளிகைக்குத் தொடர்பே இல்லை என்று நிக்சன் அறிவித்தார். அங்கேயே, நாட்டின் முதல் பேஸ்பால் ரசிகர் என்ற முறையில் அவருக்குப் பிடித்த வீரர்கள் யாவர் என்றும் கேட்கப்பட்டது. 23ஆம் நாள், புலனாய்வைத் தடுக்க உளவுத்துறையைப் பயன்படுத்தும் யோசனைக்கு அவர் இசைந்தது ஒலிநாடாவில் பதிவாயிற்று. இரண்டாண்டு கழித்து அவரைப் பதவியிலிருந்து இறக்கியது அந்த நாடாவே. இவற்றுக்கு நடுவே அவர் மருமகன் டேவிட் ஐசன்ஹோவருடன் அமர்ந்து, போருக்கு முந்தைய காலத்துக்கும் பிந்தைய காலத்துக்குமாகத் தனித்தனிக் கனவு அணிகளைத் தேர்ந்து, நீண்ட பட்டியல் தயாரித்தார். ஜூலைத் தொடக்கத்தில் அது நாடெங்கும் நாளிதழ்களில் வந்தது. பட்டியல் பாராட்டுப் பெற்றது. அவர் அந்த ஜூனில் செய்த காரியங்களில் எந்த விசாரணைக்கும் உள்ளாகாதது அது ஒன்றே.

தகவல் வராத நேரத்திலும் கருத்து நில்லாமல் ஓட வேண்டும் என்பதற்கு முன்னோடி ரொனால்டு ரேகன். 1930களில் அயோவா மாநில வானொலியில் வர்ணனையாளராக இருந்த அவர், சிகாகோவில் நடக்கும் ஆட்டத்தை நேரில் காணாமல், தந்தியில் வரும் சுருக்கக் குறிப்புகளை வைத்துக்கொண்டு, கண்ணெதிரே நடப்பது போல விவரிப்பார். ஒருநாள் தந்தி நின்றுவிட்டது, அவர் அசரவில்லை. மட்டையாளர் பந்தைக் கோட்டுக்கு வெளியே அடித்துக்கொண்டே இருப்பதாகப் பல நிமிடங்கள் சொல்லிக்கொண்டிருந்தார். இப்படி வெளியே அடிப்பதால் மட்டையாளர் ஆட்டமிழப்பதும் இல்லை, ஓட்டம் சேர்வதும் இல்லை. ஆட்டம் எவ்வளவு நேரமானாலும் நகராது. அவரே பெருமையோடு சொல்லிவந்த இக்கதை, வரவுசெலவுத் திட்ட விவாதங்களுக்கு எத்தகைய பயிற்சி வேண்டும் என்பதை விளக்குகிறது. 1952இல் அவர் குரோவர் கிளீவ்லாண்ட் அலெக்சாண்டர் என்னும் பந்தெறிபவராகத் திரையில் நடித்தார்; ஓர் அதிபரின் பெயர் சூட்டப்பட்ட வீரராகப் பின்னாளைய அதிபர் ஒருவர் நடித்த படம் அது.

எனினும் ஆண்டுநிறைவுகளுக்கெல்லாம் தலையாயது 1939இல் கொண்டாடப்பட்ட பேஸ்பாலின் நூற்றாண்டு விழா. அவ்விழாவுக்குரிய நிகழ்ச்சி நடக்கவே இல்லை என்பதே அதன் தனிச்சிறப்பு. பேஸ்பால் ஆங்கிலேயச் சிறுவர் விளையாட்டாகிய ரவுண்டர்ஸிலிருந்து வந்தது என்று, இங்கிலாந்தில் பிறந்த விளையாட்டு எழுத்தாளர் ஹென்றி சாட்விக் சொல்லிவந்தார். விளையாட்டுப் பொருள் வணிகர் ஆல்பர்ட் ஸ்பால்டிங்கால் அதைத் தாங்க இயலவில்லை. தேசிய விளையாட்டுக்கு அயல்நாட்டுத் தாய் இருக்கலாகாது என்று கருதி, ஆபிரகாம் மில்ஸ் தலைமையில் ஒரு குழு அமைய ஏற்பாடு செய்தார். ஆப்னர் கிரேவ்ஸ் என்னும் சுரங்கப் பொறியாளர் 1905இல் எழுதிய கடிதம் குழுவுக்கு வரப்பிரசாதமாக வாய்த்தது. நியூயார்க் மாநிலத்துக் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில், 1839ஆம் ஆண்டளவில், பின்னாளில் உள்நாட்டுப் போர்த் தளபதியான ஆப்னர் டபுள்டே இவ்விளையாட்டைக் கண்டுபிடித்ததைத் தாம் அறிவதாக அவர் எழுதியிருந்தார். 1839இல் கிரேவ்ஸுக்கு வயது ஐந்து. டபுள்டே அவ்வாண்டில் வெஸ்ட் பாயின்ட் இராணுவக் கல்லூரியில் மாணவர். அவர் விட்டுச்சென்ற ஏராளமான தாள்களில் இக்கண்டுபிடிப்பைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. குழுத் தலைவர் மில்ஸ் டபுள்டேயை நெடுங்காலம் அறிந்தவர், 1893இல் அவர் உடலுக்கு மரியாதைக் காவல் படையை நடத்தியவர். நண்பர் இப்படியொரு காரியம் செய்ததாக உயிரோடிருந்த காலத்தில் அவரிடம் சொல்லவே இல்லை. இவை எவையும் குழுவைத் தடுக்கவில்லை. 1907ஆம் ஆண்டு முடிவில் தீர்ப்பு கிரேவ்ஸின் கடிதப்படியே அமைந்தது.

கூப்பர்ஸ்டவுனில் செல்வாக்கு மிக்கவர் ஸ்டீபன் கிளார்க். தமிழ் வீடுகளின் கூடத்தில் தலைமுறைகளாகக் கடகடத்த சிங்கர் தையல் இயந்திரத்தால் வந்த சொத்துக்கு வாரிசு. அருகிலிருந்த சிற்றூர் ஒன்றின் பண்ணை வீட்டில் 1930களின் நடுவே அகப்பட்ட கந்தலான பழைய பந்தை அவர் 5 டாலருக்கு வாங்கினார். டபுள்டே தொட்ட பந்து அதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊரார் ஒருமனதாக முடிவு செய்தனர். அந்தப் பந்தைச் சுற்றி ஓர் அருங்காட்சியகம் வளர்ந்து, பேஸ்பால் புகழ் மண்டபமாக 1939 ஜூன் 12ஆம் நாள் திறக்கப்பட்டது. அரசு அதற்கு 3 சென்ட் அஞ்சல் தலையும் வெளியிட்டது. நடக்காத நிகழ்ச்சிக்கு அரசு முத்திரை கிடைத்த பிறகு அது நடந்ததா என்று கேட்பது நாகரிகமாகாது.

பெட்டியும் அந்த ஆண்டுக்காகவே காத்திருந்தது போலும். ஏப்ரல் 30ஆம் நாள் நியூயார்க் உலகக் கண்காட்சியைத் திறந்து வைத்த ரூஸ்வெல்ட், தொலைக்காட்சியில் தோன்றிய முதல் பதவிவகிக்கும் அதிபர் ஆனார். மே 17ஆம் நாள் கொலம்பியா, பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அணிகளின் ஆட்டம் ஒரே ஒரு கேமராவால் ஒளிபரப்பப்பட்டது. ஆகஸ்ட் 26ஆம் நாள் புரூக்ளினில் நடந்த தொழில்முறை ஆட்டமும் திரையேறியது. அன்று நியூயார்க்கில் பெட்டி வைத்திருந்தவர்கள் மிகச் சிலரே, சிறு திரையில் பந்தைத் தேடிப் பிடிப்பதும் அவர்களுக்குப் பெரும்பாடு. இருந்தும் அரசியல், பந்து, பெட்டி மூன்றும் ஒரே ஆண்டில் ஒரே நகரில் கைகோத்து, ஒரு கற்பனைப் பிறந்தநாளின் நிழலில் இல்லறம் தொடங்கின.

1953இல் அமெரிக்க நாடாளுமன்றம் இவ்விளையாட்டின் தோற்றத்துக்கு உரியவர் அலெக்சாண்டர் கார்ட்ரைட் என்று அறிவித்ததாகப் பலரும் எழுதிவருகின்றனர்; அக்கூற்றையும் வரலாற்றாசிரியர்கள் இப்போது ஐயத்தோடே பார்க்கிறார்கள். கூப்பர்ஸ்டவுனின் மைதானம் இன்றும் டபுள்டேயின் பெயரைத் தாங்கியிருக்கிறது, அங்கே இன்றும் ஆடுகிறார்கள். ரவுண்டர்ஸிலிருந்து வந்தது என்று சொல்லித் தோற்ற சாட்விக்குக்குப் புகழ் மண்டபத்தில் 1938இலேயே இடம் கிடைத்துவிட்டது; டபுள்டே இதுநாள்வரை தேர்ந்தெடுக்கப்படவில்லை.